பார்டர்லேண்ட்ஸ் படம்: கேம் ஆடினவனும் ஏமாந்தான், ஆடாதவனும் ஏமாந்தான்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் படத்தைத் திட்டித் தீர்க்கணும்னு உக்காந்து எழுதல. பார்டர்லேண்ட்ஸ்ங்கற துப்பாக்கி வீடியோ கேமை வச்சு எடுத்த படம் இது, எனக்கு அந்த கேம் மேல அவ்வளவு பிரியம், அந்தப் பிரியத்தோட போய் உக்காந்தவனுக்கு என்ன ஆச்சு, பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் எழுதறேன். பார்டர்லேண்ட்ஸ் 2 வந்தப்ப நானும் தம்பியும் ஒரே டிவியில ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் போட்டு, ஆளுக்குப் பாதி திரைன்னு வச்சுக்கிட்டு, ராத்திரி ராத்திரியா ஆடினோம். பெட்டி திறந்தா ஒரு நல்ல துப்பாக்கி விழும், யார் எடுக்கறதுன்னு சண்டை வரும், சண்டை போட்டுட்டு கடைசியில "அண்ணா உன் லெவலுக்கு இது சரியா இருக்கும், நீயே வச்சுக்கோ"ன்னு அவனே தூக்கிப் போடுவான். அந்த கேம்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அதுதான், கதை கூட அப்புறம்தான்.

லயன்ஸ்கேட்ங்கற ஹாலிவுட் கம்பெனி இதைப் படமா எடுக்கப் போறோம்னு சொன்னது 2015ல. படம் தியேட்டருக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 9. நடுவுல ஒம்பது வருஷம். அந்த ஒம்பது வருஷமும் நாங்க ரெண்டு பேரும் யார் யாரா நடிப்பாங்கன்னு பேசிப் பேசியே ஓட்டினோம். அதனால மொத வாரமே போயிட்டோம், கூட ஒரு ஃப்ரெண்டையும் இழுத்துட்டுப் போனோம். அவன் இந்த கேமை ஒரு நிமிஷம் கூட ஆடினது இல்ல, பேரு மட்டும் கேள்விப்பட்டிருக்கான். அவனைக் கூட்டிட்டுப் போனது நல்லதாப் போச்சு, ஏன்னா இந்தப் படத்தைப் பத்தி நான் சொல்ல வர்றதுல பாதி அவன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது.

(இதுக்கு மேல படத்தோட கதையும் வரும், ரெண்டாவது கேமோட முக்கியமான திருப்பமும் வரும். ஆடாதவங்க, ஆடணும்னு நெனைக்கறவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.)

கதை என்னன்னா, லிலித்னு ஒரு பவுண்டி ஹன்டர், அதாவது காசுக்கு ஆள் தேடிப் பிடிக்கறவ, கேட் பிளான்செட் நடிச்சிருக்காங்க. அட்லஸ்னு ஒரு பெரிய கம்பெனி முதலாளி தன் பொண்ணு டைனி டினாவைக் கடத்திட்டாங்க, கண்டுபிடிச்சுக் கொண்டு வான்னு அனுப்பறான். பண்டோராங்கற கிரகத்துக்குப் போறா, அது அவ பொறந்த எடமே. அங்க ரோலண்டா கெவின் ஹார்ட், க்ரீக்கா ஃப்ளோரியன் முன்டியானு, டினாவா அரியானா கிரீன்பிளாட், டாக்டர் டேனிஸா ஜேமி லீ கர்ட்டிஸ், கிளாப்ட்ராப் ரோபோவுக்கு குரல் ஜாக் பிளாக். இவ்வளவு பேரையும் சேத்துக்கிட்டு வால்ட்டுங்கற பழைய ஏலியன் பொக்கிஷத்தைத் தேடிப் போறாங்க. ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கும் கம்மி. இந்த லிஸ்ட்டப் படிச்சா எவனுக்கும் ஆசை வரும், எனக்கும் வந்துச்சு.

மொத பத்து நிமிஷம் தம்பி சீட் நுனியில உக்காந்திருந்தான். கேம்ல சைக்கோன்னு வர்ற வெறி பிடிச்ச எதிரிங்களோட மாஸ்க் வந்தா என் கையைத் தட்றான், பின்னாடி செவுத்துல ஒரு போஸ்டர் தெரிஞ்சா காட்றான். நானும் அப்படித்தான் இருந்தேன். செட்டு, டிரெஸ்ஸு, வண்டி, இதெல்லாம் யாரோ கேமை நிஜமாவே பாத்துப் பாத்து செஞ்சிருக்காங்க, அதுல குறை சொல்ல முடியாது, அந்த ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆளுங்க உழைப்பு கண்ணுக்குத் தெரியுது. ஆனா அரை மணி நேரம் ஆனதும் தம்பி பின்னாடி சாஞ்சுட்டான். கை தட்றது நின்னுபோச்சு. அதுக்கப்புறம் படம் முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இன்னொரு பக்கம் ஃப்ரெண்டு, அவனுக்கு ஆரம்பத்துலயே ஒரு குரல் வந்து எரிடியன்ங்கற பழைய ஏலியன் இனம், வால்ட், சாவி, தீர்க்கதரிசனம்னு மூச்சு விடாம கதை சொன்னதுல தலை சுத்திருச்சு. மெதுவா என்கிட்ட "இதெல்லாம் கேம் ஆடினாத்தான் புரியுமாடா?"ன்னு கேட்டான். இல்லடா, கேம் ஆடினா இன்னும் குழப்பமா இருக்குன்னு சொன்னேன். அது உண்மை. தெரியாதவனுக்கு அதிகமா வெளக்கறாங்க, தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சதை மாத்தி வெளக்கறாங்க, ரெண்டு பேருமே திருதிருன்னு முழிக்கறோம்.

தியேட்டர்ல எனக்கு ரொம்ப வலிச்சது அந்த அமைதி. இது காமெடி படம்ங்க. ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் யாராவது ஒரு ஜோக் அடிக்கறாங்க, அடிச்சுட்டு சிரிப்புக்காக ஒரு சின்ன எடம் விடறாங்க, அந்த எடத்துல ஒரு சத்தமும் இல்ல. கிளாப்ட்ராப் உடம்பு பூரா குண்டு வாங்கிட்டு அப்புறம் அதையெல்லாம் கழிச்சுத் தள்ற மாதிரி ஒரு சீன் வரும், பின் வரிசையில ஒரு சின்னப் பையன் மட்டும் சிரிச்சான், அவனும் சுத்திப் பாத்துட்டு நிறுத்திட்டான். ஒரு காமெடி படத்துல நூறு பேரு ஒண்ணா அமைதியா உக்காந்திருக்கறது, அது கூச்சல் போட்டு திட்றதை விடப் பெரிய தண்டனை.

நான் பாத்த தியேட்டர் மட்டும் அப்படின்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல சினிமாஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, மொத நாள் ராத்திரி படம் பாத்துட்டு வெளிய வர்றவங்க கையில ஒரு அட்டையைக் குடுத்து மார்க் போடச் சொல்லுவாங்க, ஏ ப்ளஸ்லேர்ந்து எஃப் வரைக்கும். மொத நாளே வர்றவன் எப்படியும் ஆசையோட வர்றவன், அதனால சாதாரணமா மார்க்கு தாராளமாத்தான் விழும், பி வந்தாலே சுமார் படம்னு அர்த்தம். பார்டர்லேண்ட்ஸுக்கு விழுந்தது டி ப்ளஸ். ஆசையா வந்தவன் போட்ட மார்க்கு அது. விமர்சனங்களைத் தொகுக்கற ராட்டன் டொமேட்டோஸ் சைட்ல விமர்சகர்கள் பக்கம் பாத்தா கிட்டத்தட்ட 10 சதவீதம், அதாவது பத்து விமர்சகர்ல ஒருத்தர்தான் பரவால்லன்னிருக்காரு. பட்ஜெட் 11 கோடிலேர்ந்து 12 கோடி டாலர்ங்கறாங்க, உலகம் பூரா வசூல் 3 கோடியே 30 லட்சம் டாலர் பக்கம்தான். மூணே வாரத்துல, ஆகஸ்ட் 30க்கே, வீட்ல வாடகைக்குப் பாக்கற மாதிரி டிஜிட்டல்ல விட்டுட்டாங்க.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். விமர்சகர்களுக்குப் பிடிக்கலன்னா கேம் படம் காலின்னு அர்த்தம் இல்ல. ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ் 2023ல வந்தப்ப மூணுல ஒரு பங்கு விமர்சகருக்குத்தான் பிடிச்சது, ஆனா அந்த கேமோட வளந்த பசங்க கூட்டங் கூட்டமாப் போனாங்க, கிட்டத்தட்ட 30 கோடி டாலர் வசூல். வார்கிராஃப்ட் 2016ல அடி வாங்கின படம், ஆனா உலகம் பூரா 43 கோடி டாலருக்கு மேல எடுத்துச்சு, அதுல பாதி பக்கம் சீனாவுலேர்ந்து வந்தது, ஏன்னா அங்க அந்த கேமை உயிரா நெனைச்சு ஆடினவங்க அவ்வளவு பேர். ஏ மைன்கிராஃப்ட் மூவி 2025ல வந்தப்ப விமர்சனம் சுமாராத்தான் இருந்துச்சு, ஆனா தியேட்டருக்குள்ள பசங்க எழுந்து நின்னு கத்தறாங்க, கோழி மேல குட்டி ஜாம்பி உக்காந்து வர்ற சீன்ல பாப்கார்னை வாரி எறியறாங்க, உலகம் பூரா அந்த வீடியோ சுத்துச்சு. அதுலயும் ஜாக் பிளாக்தான், இதுலயும் ஜாக் பிளாக்தான். ஆக, கேம் ஆடினவன் கோபக்காரன், எதைக் குடுத்தாலும் குறை சொல்லுவான்னு சொல்றது தப்பு. அவன் ரொம்ப இளகின மனசுக்காரன். ஒரு சீன்ல, ஒரே ஒரு சீன்ல, "இவங்களும் நம்மளை மாதிரி ஆடிருக்காங்கடா"ன்னு அவனுக்குத் தோணிட்டாப் போதும், மிச்ச ஓட்டையெல்லாம் அவனே அடைச்சுக்குவான். பார்டர்லேண்ட்ஸ்ல அந்த ஒரு சீன் எனக்குக் கெடைக்கவே இல்ல.

ஜனங்க சொன்ன குறைங்கள்ல எல்லாத்தையும் நான் ஒத்துக்கல. ட்ரெய்லர் 2024 பிப்ரவரியில வந்ததுலேர்ந்தே பெரிய புகார் என்னன்னா லிலித் கேம்ல சின்ன வயசு, பிளான்செட்டுக்கு வயசு அதிகம்னு. இதை நான் சுத்தமா ஏத்துக்க மாட்டேன். படத்துல கொஞ்சமாவது உயிரோட நடமாடறது அவங்கதான். துப்பாக்கியச் சுழட்டி உறையில வைக்கறதுல ஒரு அலட்சியம் இருக்கு பாருங்க, அது கேம்ல நான் பாத்த லிலித்தேதான். வயசான, அலுத்துப்போன ஒரு லிலித், திரும்ப வரக் கூடாதுன்னு நெனைச்ச ஊருக்கே வர்றா, நல்ல யோசனைங்க இது. ஆனா எழுத்துல அவளுக்கு ஒண்ணும் குடுக்கல. கேம்ல லிலித் ஒரு சைரன், அதாவது அபூர்வ சக்தி இருக்கற பொண்ணு, ஆரம்பத்துலேர்ந்தே அவகிட்ட சக்தி இருக்கும், கண்ணு முன்னாடி மறைஞ்சு எதிரிக்குப் பின்னாடி போய் நிப்பா. படத்துல அதைக் கடைசி பத்து நிமிஷத்துக்குப் பதுக்கி வச்சுட்டு, நெருப்பு ரெக்கை முளைச்சதும் முடிச்சுட்டாங்க. மொத மணி நேரத்துல அவ வெறும் துப்பாக்கி வச்சிருக்கற கோபக்காரி, அவ்வளவுதான்.

கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸிங்கற மார்வெல் படம் மாதிரி இருக்குன்னு ட்ரெய்லருக்கே நெறைய பேர் சொன்னாங்க, படம் பாத்தப்புறமும் சொன்னாங்க, அது நியாயமான புகார். ஆளுக்கொரு திசையில இருக்கற அஞ்சாறு பேர், ஒரு முரடன், ஒரு வாயாடி, கடைசியில குடும்பம் ஆகறாங்க. பிரச்சினை என்னன்னா இங்க யாரும் குடும்பம் ஆகவே இல்ல. சேர்ந்து ஓடறாங்க, சேர்ந்து சுடறாங்க, ஒரு ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணினாங்கன்னு நம்பற மாதிரி ஒரு சீன் கூட மனசுல நிக்கல. திடீர்னு கடைசியில எல்லாரும் பாசமாப் பாத்துக்கறாங்க. ஃப்ரெண்டு கேட்டான், "இவங்க எப்படா ஃப்ரெண்ட்ஸ் ஆனாங்க?" நானும் அதையேதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

கெவின் ஹார்ட் விஷயம் இன்னும் விசித்திரம். ரோலண்ட் கேம்ல கறாரான சிப்பாய், நெடுநெடுன்னு இருப்பான், அவனுக்கு இவரான்னு ஃபேன்ஸ் கொதிச்சாங்க. எனக்கு உயரம் ஒரு பிரச்சினையாவே படல. ஒரு காமெடியனைக் கூட்டிட்டு வந்து, படம் பூரா சீரியஸா நிக்க வச்சு, அவருக்கு வர்ற காமெடியும் இல்ல, அவரு புதுசா முயற்சி பண்ற சீரியஸுக்கும் எடம் இல்லன்னு ஆக்கினதுதான் பிரச்சினை. ரெண்டுல ஒண்ணாவது முழுசாப் பண்ண விட்டிருக்கலாம்.

ரத்தம் இல்லங்கற புகாருக்கு வருவோம். கேம் 17 வயசுக்கு மேலன்னு போட்ட எம் ரேட்டிங் கேம். படம் பிஜி-13, அதாவது சின்னப் பசங்களும் பெத்தவங்க பாத்துக்கிட்டா பாக்கலாங்கற ரேட்டிங். டைரக்டர் ஈலை ராத் ரத்தம் தெறிக்கற திகில் படத்துக்குப் பேர் போனவர், அவர் கையில இது வந்திருக்குன்னதும் எல்லாரும் எதிர்பார்த்தது வேற. எனக்கு ரத்தம் வேணும்னு ஆசையெல்லாம் இல்லங்க, சத்தியமா. ஆனா அந்த கேமோட நகைச்சுவையே அந்த மிகைப்படுத்தல்லதான் இருக்கு, ஒருத்தனை சுட்டா அவன் பட்டாசு மாதிரி வெடிச்சு, அதுலேர்ந்து நாலு துப்பாக்கியும் கொஞ்சம் காசும் சிதறும், பயங்கரமும் சிரிப்பும் ஒரே நொடியில வரும். அந்தப் பயங்கரத்தை எடுத்துட்டா சிரிப்பும் கூடவே போயிடுது. படத்துல ஆளுங்க சும்மா பொத்து பொத்துன்னு விழறாங்க.

துப்பாக்கியப் பத்தி யாரும் அதிகமாப் பேசல, நான் பேசறேன், ஏன்னா எனக்கு இதான் கேமோட உயிர். 2009ல வந்த மொத பார்டர்லேண்ட்ஸ் துப்பாக்கி எண்ணிக்கைக்கே கின்னஸ்ல எடம் பிடிச்ச கேம், ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேல. கம்ப்யூட்டரே உதிரி உதிரியா பாகங்களைச் சேத்து புதுசு புதுசா உருவாக்கும், அதனால நீங்க எடுத்த துப்பாக்கி இன்னொருத்தன் கையில இருக்கவே வாய்ப்பு கம்மி. ஒவ்வொரு கம்பெனி துப்பாக்கிக்கும் ஒரு குணம் இருக்கும். ஜேக்கப்ஸ்னா மரப்பிடி, ஒரே குண்டு ஆனா இடி மாதிரி. மாலிவான்னா நெருப்பு, மின்சாரம், அமிலம். டார்க்னா வெடி. டெடியோர் இருக்கு பாருங்க, ரெண்டாவது கேம்ல அதுக்குக் குண்டு மாத்த மாட்டோம், துப்பாக்கியவே தூக்கி எறிவோம், அது கையெறி குண்டா வெடிக்கும், கையில புதுசு வந்து நிக்கும். தம்பி டெடியோர் பைத்தியம். குண்டு தீரக் காத்திருக்காம எறிஞ்சுக்கிட்டே இருப்பான். இதை ஒரு சண்டைக் காட்சியில ஒழுங்கா வச்சிருந்தா தியேட்டரே கைதட்டியிருக்கும், கேம் தெரியாதவன் கூட "என்னடா இது"ன்னு நிமிர்ந்து உக்காந்திருப்பான். படத்துல எல்லாத் துப்பாக்கியும் டப் டப்னு ஒரே மாதிரிதான் சுடுது. பெட்டி திறக்கற சந்தோஷம், இதை எடுக்கலாமா அதை எடுக்கலாமாங்கற தவிப்பு, எதுவும் இல்ல. லூட், அதாவது அள்ளிக்கற இந்தப் பொருளெல்லாம், இல்லாத பார்டர்லேண்ட்ஸ் எனக்கு உப்பில்லாத சாப்பாடு.

இப்ப க்ரீக்குக்கு வர்றேன். இவன் ரெண்டாவது கேமுக்கு 2013ல தனியா வந்த கேரக்டர். வெளிய பாத்தா முகமூடி போட்ட வெறியன், வாய்க்கு வந்ததைக் கத்திக்கிட்டு கோடரியோட ஓடுவான். ஆனா அவனை எடுத்து ஆடறவங்களுக்கு மட்டும் உள்ளுக்குள்ள இன்னொரு குரல் கேக்கும். அமைதியான, நல்ல மனுஷனோட குரல். அந்த வெறி பிடிச்ச உடம்புக்குள்ள மாட்டிக்கிட்டு, இது செய்யாத, அவங்களை அடிக்காதன்னு கெஞ்சற குரல். வெளிய இருக்கறவன் கேக்கவும் மாட்டான். சிரிச்சுக்கிட்டே ஆட ஆரம்பிச்சு ஒரு எடத்துல நெஞ்சு கனத்துப்போற கேரக்டர் அது. படத்துல அந்த உள்குரலைக் காணோம். பெரிய உடம்பு, ஒரு முகமூடி, நடுநடுவுல ஒரு கத்தல். முன்டியானு குத்துச்சண்டைக்காரர், உடம்புக்கு அவ்வளவு பொருத்தமான ஆளு, அந்த ஆளை வச்சுக்கிட்டு குரலை மட்டும் விட்டுட்டாங்க. கூட வந்த ஃப்ரெண்டுக்கு இதை நான் வெளிய வந்து சொன்னப்ப அவன் நின்னுட்டான். "இது படத்துல இருந்தா நான் அவனுக்காகவே பாத்திருப்பேனேடா"ன்னான்.

அடுத்தது டினா. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்னு கூட வச்சுக்கோங்க.

டைனி டினா ரெண்டாவது கேம்ல வர்ற சின்னப் பொண்ணு, வெடிகுண்டு நிபுணி, துறுதுறுன்னு பேசுவா. ஒரு டீ பார்ட்டி வைக்கணும், வந்து உதவி பண்ணுன்னு கேப்பா, நாமளும் சிரிச்சுக்கிட்டே அவ கேட்டதெல்லாம் கொண்டு வந்து குடுப்போம். கடைசியில பாத்தா அந்த விருந்துக்கு வந்தவன் அவ அப்பா அம்மாவைக் காசுக்கு வித்தவன். அவனைக் கட்டி வச்சுட்டு அவ செய்யற காரியம், அப்பவும் அவ குரல்ல இருக்கற அந்தக் குழந்தைத்தனம், அதை ஆடினவன் யாரும் மறந்திருக்க மாட்டான். அது மொத அடி. ரெண்டாவது அடி, அந்த கேமோட நடுவுல ரோலண்டை வில்லன் ஹேண்ட்சம் ஜாக் சுட்டுக் கொன்னுடறான். கேம் வந்ததுக்கு அடுத்த வருஷம், 2013ல, கூடுதலா ஒரு அத்தியாயம் வந்துச்சு. அதுல டினா ஒரு மேஜையைப் போட்டு, லிலித், மோர்டெகாய், பிரிக் மூணு பேரையும் சுத்தி உக்கார வச்சு, டிராகன், கோட்டை, மந்திரவாதின்னு பகடை உருட்டி ஆடற ஒரு கதை விளையாட்டை நடத்தறா. கதைய அவதான் சொல்றா. சொல்லச் சொல்ல, அந்தக் கதைக்குள்ள ரோலண்டை ஒரு வெள்ளைக் குதிரை வீரன் கணக்கா கொண்டு வந்து நிறுத்தறா. செத்துட்டான்னு சொல்லவே மாட்டேங்கறா. பெரியவங்க மெதுவா எடுத்துச் சொல்லப் பாக்கறாங்க, அவ கோபப்படறா, கத்தறா, கடைசியில எனக்கும் தெரியும்னு ஒடைஞ்சு போறா. ஒரு துப்பாக்கி கேம்ல, இவ்வளவு கெட்ட வார்த்தையும் கக்கூஸ் ஜோக்கும் இருக்கற கேம்ல, ஒரு கொழந்தை தன் துக்கத்தை எப்படி விளையாட்டா மாத்திக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா முழுங்குதுன்னு காட்டினாங்க. தம்பியும் நானும் அன்னைக்கு பேசிக்கவே இல்ல. அவன் தண்ணி குடிக்கப் போறேன்னு எழுந்து போயிட்டான்.

படத்துல ரோலண்டும் இருக்கான், டினாவும் இருக்கா. அவன்தான் அவளை அட்லஸ்கிட்டேர்ந்து காப்பாத்திக் கூட்டிட்டு வர்றான். அண்ணன் தங்கச்சி மாதிரி, அப்பா பொண்ணு மாதிரி, எப்படி வேணா வளத்திருக்கக் கூடிய உறவு, கையில வந்து விழுந்திருக்கு. அதுக்கு ஒழுங்கா அஞ்சு நிமிஷம் குடுக்கல. டினாவுக்கு எரிடியன் ரத்தத்துலேர்ந்து உருவாக்கின பொண்ணுன்னு ஒரு புதுக்கதை, வால்ட்டைத் திறக்கப் பொறந்தவன்னு ஒரு பட்டம், அப்புறம் அவ இல்ல வேற ஆளுன்னு ஒரு திருப்பம். அவளோட அப்பா அம்மா, டீ பார்ட்டி, துக்கம் எல்லாம் போச்சு, வெடிக்கற முயல் பொம்மை மட்டும் மிச்சம். கிரீன்பிளாட் நல்லா நடிக்கற பொண்ணு, தன்னால ஆனதைப் பண்ணிருக்கு, அந்தக் கொழந்தை மேல யாரும் கோபப்படாதீங்க.

ஃபேன்ஸ் கேமை மாத்திட்டாங்கன்னு அழறாங்கன்னு சில பேர் சொல்றாங்க. மாத்தறது தப்பே இல்ல. மோர்டெகாயும் பிரிக்கும் மொத கேமோட நாலு ஹீரோல ரெண்டு பேர், படத்துலயே இல்ல, போகட்டும். ஃபால்அவுட்ங்கற கேமை வச்சு எடுத்த சீரியல் அதே 2024 ஏப்ரல்ல வந்துச்சு, புதுக் கதை, புது ஆளுங்க, ஆனா பாத்தவங்க திரும்பப் போய் 2015ல வந்த ஃபால்அவுட் 4ஐ தூசி தட்டி ஆடினாங்க. மாத்தினா மாத்தினதை விட நல்லதா ஒண்ணு குடுக்கணும், இல்ல அதே கனத்துல ஒண்ணு குடுக்கணும். இவங்க துக்கத்தை எடுத்துட்டு அந்த எடத்துல சாவியை வச்சாங்க.

எப்படி இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்க வெளியில வந்த தகவலைப் பாத்தாலே போதும். ஷூட்டிங் 2021ல ஹங்கேரியில முடிஞ்சுது. அப்புறம் கெடப்புல. 2023ல ரீஷூட், அப்ப ராத் வேற படத்துல இருந்ததால டெட்பூல் எடுத்த டிம் மில்லர் வந்து எடுத்தார். செர்னோபில், தி லாஸ்ட் ஆஃப் அஸ் எழுதின கிரெய்க் மேசின் இதுக்கும் எழுதினவர், தன் பேரு வேண்டாம்னுட்டார். டைட்டில்ல ராத்தோட பேருக்குப் பக்கத்துல ஜோ கிராம்பின்னு ஒரு பேர் வருது, அது புனைபேர், அது நான் இல்லன்னு மேசினே சொல்லிட்டார். இதெல்லாம் தெரியாமப் பாத்தாலும் படத்துல தையல் தெரியுது. ஒரு சீன்ல ஒருத்தருக்கொருத்தர் ஆகாது, அடுத்த சீன்ல உயிர் குடுப்பேன்ங்கறாங்க.

இதுல எனக்கு மனசு ஆறாத ஒண்ணு இருக்கு. மொத கேமும் இதே மாதிரி கடைசி நேரத்துல மாத்தப்பட்டதுதான். அதை உருவாக்கின கியர்பாக்ஸ் கம்பெனி மொதல்ல அதை நிஜம் மாதிரி, மண் கலர்ல, மத்த துப்பாக்கி கேம் மாதிரியேதான் பண்ணிக்கிட்டிருந்தாங்க. வேலை பெரும்பாலும் முடிஞ்ச நேரத்துல, இது கூட்டத்துல காணாமப் போயிடும்னு தோணி, மொத்தத்தையும் காமிக்ஸ் புக் மாதிரி கறுப்புக் கோடு போட்ட படமா மாத்தினாங்க. எவ்வளவு பயமா இருந்திருக்கும். அந்த ஒரு முடிவாலதான் இன்னைக்கு தூரத்துலேர்ந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட்டப் பாத்தாலும் இது பார்டர்லேண்ட்ஸ்னு சொல்ல முடியுது. கேம்காரங்க கடைசி நேரத்துல கை வச்சு அதுக்கு ஒரு முகம் குடுத்தாங்க. படத்துக்காரங்க கடைசி நேரத்துல கை வச்சு இருந்த முகத்தையும் அழிச்சுட்டாங்க.

ஜனங்க குரலைக் காது குடுத்துக் கேட்டா என்ன ஆகும்னும் பாத்திருக்கோம். சோனிக்னு இன்னொரு கேம் படத்தோட ட்ரெய்லர் 2019ல வந்தப்ப அந்தப் பல்லையும் கண்ணையும் பாத்து எல்லாரும் அலறினாங்க, டைரக்டர் ஒத்துக்கிட்டார், ரிலீஸை 2019 நவம்பர்லேர்ந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளி உருவத்தையே மாத்தினாங்க, அப்புறம் அது வரிசையா பாகம் பாகமா ஓடுது. இங்கயும் ட்ரெய்லர் வந்தப்பவே எல்லாரும் சொன்னாங்க, ஆனா இது உருவத்தைத் திருத்திச் சரி பண்ணக் கூடிய வியாதி இல்ல.

பிடிச்சிருக்குன்னு சொன்னவங்களும் இருக்காங்க. கலர்ஃபுல்லா இருக்கு, நீளம் கம்மி, வீட்ல பசங்களோட வேலை பாத்துக்கிட்டே ஓட விடலாம்னு சொல்றாங்க. அது பொய்யில்ல. மாக்ஸிங்கற கேரக்டரோட மதுக்கடை, அந்த நகரத்தோட குப்பை மேடு, சைக்கோ கூட்டம் இதெல்லாம் பாக்க நல்லா இருக்கு. ஜேமி லீ கர்ட்டிஸ் தத்தித் தத்திப் பேசற டேனிஸா ரெண்டு மூணு எடத்துல மனசுல நிக்கறாங்க. நடிகர்களுக்காகவோ செட்டுக்காகவோ பாக்கறவங்க பாருங்க, தப்பில்ல. கேமை உயிரா நெனைக்கறவங்க, அந்த டினா அத்தியாயத்துல கண்ணு கலங்கினவங்க, தயவு செஞ்சு தவிர்த்துடுங்க. கேம் தெரியாதவங்க இதான் பார்டர்லேண்ட்ஸ்னு முடிவு பண்ணிடாதீங்க, அதுதான் என் பெரிய பயம். படம் வந்து ரெண்டு வாரத்துக்குள்ளயே, ஆகஸ்ட் 20, கேம்ஸ்காம்ங்கற கேம் கண்காட்சியில நாலாவது கேமை அறிவிச்சாங்க. அதைப் பாத்தப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு. அது 2025 செப்டம்பர்ல வந்தும் ஆச்சு.

படம் முடிஞ்சு வெளிய வந்து மூணு பேரும் கொஞ்ச நேரம் சும்மா நின்னோம். தம்பிதான் மொதல்ல பேசினான், ஃப்ரெண்டைப் பாத்து, "அண்ணே, ஒரே ஒரு மணி நேரம் குடுங்க, நான் உங்களுக்கு நிஜ பண்டோராவைக் காட்றேன்"னான். வீட்டுக்கு வந்து 2009 கேமையே போட்டான், ரெண்டாவது கேம் இல்ல, மொதல்லேர்ந்து. ஃப்ரெண்டு பிரிக்கை எடுத்தான், தம்பி லிலித். பஸ்லேர்ந்து எறங்கறாங்க, கிளாப்ட்ராப் வர்றான், இவன் மொத தடவையா கிளாப்ட்ராப்பைப் பாத்து சிரிக்கறான். நாய் மாதிரி ஓடி வர்ற ஸ்கேகுங்க கடிச்சு ரெண்டு தடவை விழுந்தான், தம்பி ஓடிப் போய் தூக்கி விட்டான். நைன் டோஸ்னு ஒரு மொத பாஸ், அதாவது பெரிய எதிரி, ரெண்டு ஸ்கேகைக் கூட்டிக்கிட்டு வருவான், அவனை அடிச்சு முடிக்கறதுக்குள்ள ராத்திரி ரொம்ப நேரமாயிருச்சு. செத்ததும் அவன்கிட்டேர்ந்து கிளிப்பர் விழுந்துச்சு, முனையில கத்தி வச்ச பிஸ்டல், நெருப்பு வேற வைக்கும். ஃப்ரெண்டு அதைப் பாத்துட்டு கன்ட்ரோலரோட எழுந்து நின்னுட்டான். "டேய் இது யாருக்கு?" தம்பி லிலித்தை ரெண்டடி பின்னாடி நகத்தினான். "எடுத்துக்கோங்கண்ணே, உங்களுக்குத்தான்."